தன்விளக்கமும் பொறியின் தீர்ப்பும்

பிரிட்டனில் மருத்துவங் கற்க விழைவோர், அதனை விரும்பியதேன் என்பதைத் தம் சொற்களிலேயே எழுதி விண்ணப்பத்தோடு விடுத்தல் வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், இவ்வுரையை எழுதியது மாணவனோ பொறியோ என்னும் ஐயம் பிறந்தது. அவ்வையத்தைத் தீர்க்கவும் பொறிகளையே அமைத்தனர். அடுத்து வருஞ் சொல் எளிதில் ஊகிக்கத்தக்கதாயின், அவ்வெழுத்துப் பொறியினது என்று அவற்றுட் பல துணிகின்றன.

இடர் ஈண்டே உளது. ஆங்கிலத்தைப் பாடமாக மட்டுங் கற்றவன் பழகிய சில சொற்களையே திரும்பத் திரும்பக் கையாள்வான். ஆங்கிலந் தாய்மொழியல்லாதார் டோபெல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை 2023-இல் ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர் ஏழு பொறிகளில் இட்டுப் பார்த்தனர். சராசரியாக நூற்றுக்கு 61 பொறியெழுத்தென்றே பிழைபடத் தீர்க்கப்பட்டன. அமெரிக்கப் பள்ளிச் சிறுவர் கட்டுரைகளோ பெரும்பாலுந் தப்பின! கம்பைநல்லூர் மாணவன் தானே முயன்று எழுதியதும் இவ்வாறு பழிக்கப்படலாமன்றோ? ஓப்பன்ஏஐ நிறுவனமும் தான் வெளியிட்ட பொறியை, திட்பம் போதாதென்று அவ்வாண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது.

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கை நீட் மதிப்பெண்ணைப் பற்றியே நிகழ்தலின் இவ்வழக்கு எழுவதில்லை. நீட் வருமுன், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் எழுத்துத் தேர்வோடு அமையாது, மாணாக்கரை வரவழைத்துச் சில நாள் நேரிற் சோதித்துத் தெரிந்தெடுத்தனர். பிரிட்டன் மருத்துவக் கல்லூரிகளுட் பெரும்பாலானவும் நேர்முகம் நடத்துகின்றன. ஐயுற்ற உரையை அங்கே எழுதியவனிடமே வினவித் தெளிதல், பொறியின் எண்ணை நம்புதலினும் நேரிது என்பது எம் கருத்து.