விருந்தினருக்கு ரொட்டியும் சம்பலும்

சமையலிற் புதிதாகப் புகுவோர் நண்பரை அழைத்தவுடன் பிரியாணியையோ பலகாரத்தையோ நாடுகின்றனர். அடுப்படியில் அல்லற்பட்டு, வந்தவரோடு இரண்டு வார்த்தை பேசவும் நேரமின்றிக் களைத்துப் போகின்றனர். மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் நாள்தோறும் சுடப்படும் தேங்காய் ரொட்டி அவர்களது கண்ணிற் படுவதில்லை. அது ஏழையின் உணவு என்னும் எண்ணமே அதற்குக் காரணம்.

அந்த ரொட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். அவர்களுடைய உணவு சோறு. 1942ஆம் ஆண்டிற் பர்மா யப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, இலங்கையிற் கோதுமை மா பங்கீட்டுப் பொருளாகப் பரவியது. புளிக்க வைக்கவோ ஊற வைக்கவோ வேண்டாத ரொட்டி, விடியுமுன் மலையேறும் தொழிலாளியின் அடுப்புக்கு மிகப் பொருந்தியது. பழகாத கைக்கும் அது பொருந்துவது அதே காரணத்தாலேயே.

இரண்டு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பை துருவிய தேங்காயும் அளவான உப்பும் போதும். நீரை ஒரேயடியாக ஊற்றுதல் கூடாது. தேங்காயிலேயே ஈரம் உண்டு. முதலில் மாவையும் தேங்காயையும் விரல்களாற் பிசறி, பின்னரே நீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைதல் வேண்டும். தேங்காயின் நெய்ப்பு மாவின் இழுவையைத் தளர்த்துவதால் ரொட்டி தோல்போல் இறுகாது. இருபது நிமிடம் மூடி வைத்து, உள்ளங்கையளவாகத் தட்டி, எண்ணெயின்றி மிதமான தணலிற் சுட வேண்டும். தீ மிகுந்தால் மேலே கருகும். உள்ளே பச்சை மாவாக நிற்கும். புதியவர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

சம்பலுக்கு உரல் இருப்பின் நன்று, அம்மியும் ஆகும். காய்ந்த மிளகாயையும் உப்பையும் முதலில் இடித்து, சின்ன வெங்காயத்தை நசுக்கி, தேங்காயை இறுதியிற் சேர்த்தல் முறை. தேங்காய் விழுதாகிவிட்டால் அது சம்பலன்று, துவையல். மாசிக் கருவாடு சேர்ப்பதாயின் விருந்தினர் சைவரா என முன்னரே கேட்டறிதல் நலம். பிசைந்த தேங்காய் விரைவிற் கெடுமாதலால், தேசிக்காய்ப் புளியை இலை போடும் வேளையிற் பிழிந்தாற் போதும்.

இவ்விரண்டோடு நின்றுவிடுதல் தகாது. கோதுமையின் புரதத்திலுள்ள குறையைப் பருப்பு நிரப்பும். மைசூர்ப் பருப்பை மஞ்சள், பச்சை மிளகாய், வெங்காயத்தோடு வேகவைத்து, வெந்தபின் உப்பிட்டு, கெட்டித் தேங்காய்ப் பாலை விட்டு, கொதிக்குமுன் இறக்க வேண்டும். கறுவாவும் மிளகும் கராம்பும் விளையும் மாத்தளையில், ஒரு துண்டு கறுவாவை அதிலே போடாதிருப்பது குற்றம்!

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் கோதுமை மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது, எளியவரின் உணவெனப்பட்ட ரொட்டியே எளியவருக்கு எட்டாததாயிற்று. மாத்தளையின் வடபுறத்துச் சேனைகளில் விளையும் குரக்கனை அத்தகைய வேளையில் நினைத்தல் தகும். இரண்டு பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு குரக்கன் மா கலக்கலாம். அதற்கு மேற் போனாற் பசை குறைந்து, தட்டும்போதே ரொட்டி பிளந்துவிடும். பழகிய கைகளே அதனைச் சமாளிக்கும். குரக்கன் ரொட்டி சுட்ட சூட்டிலேயே உண்ணத் தக்கது. ஆதலின் விருந்தினரை அடுப்படிக்கே அழைத்து, பலகையிட்டு அமர்த்தி, சுடச்சுட ஒவ்வொன்றாக இடுவதே நல்லது. இஞ்சி தட்டிப்போட்ட சாயத்தண்ணீரும் அருகிலேயே கொதித்துக்கொண்டிருக்கலாம்.