'நான் கெட்டவளா?' என்று கேட்க வைக்கும் நோய்

பிரிட்டனைச் சேர்ந்த அறிவியல் எழுத்தாளர் டேவிட் ஆடமைக் கல்லூரி நாட்களில் ஒரு பயம் பிடித்துக்கொண்டது: எய்ட்ஸ் வந்துவிடுமோ? உதவி மையத்துக்குப் போன் செய்வார். 'வாய்ப்பே இல்லை' என்பார்கள். போனை வைத்ததும் சந்தேகம் திரும்பிவிடும், மறுபடியும் போன். அடையாளம் கண்டுகொள்வார்களே என்று குரலை மாற்றிக்கூடப் பேசினார். பல வருடங்கள் கழித்து, அந்தப் பயம் தன் கைக்குழந்தையையும் தொட ஆரம்பித்த பிறகுதான் முறையான சிகிச்சைக்குப் போனார். 2014-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

அவருக்கு இருந்தது ஓ.சி.டி. எனும் எண்ணச்சுழற்சி நோய். அந்தப் பெயரைக் கேட்டால், ஓயாமல் கை கழுவுவதுதான் நம் நினைவுக்கு வரும். வெளியே தெரியாத வகை இன்னும் கொடியது. பச்சைக் குழந்தையைப் பெற்ற தாய் காய் நறுக்குகிறாள். 'இந்தக் கத்தியால் பிள்ளையைக் குத்திவிட்டால்?' என்று ஒரு எண்ணம் மின்னுகிறது. பதறிப்போய் கத்தியைப் பரணில் ஒளித்துவைக்கிறாள். பிள்ளையைத் தூக்கவே தயங்குகிறாள். 'நான் நல்ல அம்மாதானே?' என்று கணவனிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். ஆனால், என்ன எண்ணம் வந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை. சுயமதிப்பு நொறுங்குவது இந்த இடத்தில்தான்.

இத்தனைக்கும் அந்த எண்ணம் அவளுக்கு மட்டும் வருவதில்லை. 1978-ல் லண்டனில் உளவியலாளர்கள் ஸ்டான்லி ராக்மனும், இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வாவும் இந்த நோய் இல்லாத சாதாரண மனிதர்களிடம் விசாரித்தார்கள். கிட்டத்தட்ட நூற்றுக்கு எண்பது பேர், வேண்டாத எண்ணங்கள் தங்களுக்கும் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் 'சீ!' என்று உதறிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். நோயாளியோ அந்த எண்ணத்தையே தன் குணத்துக்கான சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவளுக்குத்தான் அந்த எண்ணம் இவ்வளவு வலிக்கும்.

'உனக்கு ஒன்றும் ஆகாது' என்று வீட்டார் நூறு முறை சொல்வது அன்பினால்தான். ஆனால், அந்த ஆறுதல் சில நிமிடங்கள்கூட நிற்பதில்லை. கை கழுவுவதைப் போலவே அதுவும் நோய்க்குத் தீனியாகிவிடுகிறது. 1966-ல் உளவியலாளர் விக்டர் மேயர் தொடங்கிவைத்த சிகிச்சை நேரெதிரான வழியில் போகிறது: பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வேண்டும், கழுவாமல், கேட்காமல், சரிபார்க்காமல் இருந்து பழக வேண்டும். பதற்றம் மெல்லத் தணியும். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓ.சி.டி.க்கென்றே தனி கிளினிக் இயங்குகிறது.

வீட்டில் யாராவது இப்படித் தவிக்கிறார்கள் என்று தெரிந்தால், அவர்களைத் திட்டாதீர்கள். கோயில் கோயிலாக அலைக்கழித்து நாளைக் கடத்தாதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதலில் பேசிப் பார்க்க 14416 என்ற அரசின் இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.