கூட்ஸ் வண்டியின் கதை – 9: சரக்கு இறங்கும் இடம்

மீஞ்சூரில் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது கூட்ஸ் வண்டியைத் திட்டாதவர்கள் குறைவு. திட்டுகிற நேரத்தில் வேகன்களின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கலாமே என்றுதான் இந்தத் தொடரைத் தொடங்கினேன். சென்ற வாரம் 11 இலக்க எண்ணைப் பார்த்தோம். முதல் 2 இலக்கம் வேகனின் வகை, அடுத்த 2 எந்த ரயில்வேக்குச் சொந்தம், அதற்கடுத்த 2 தயாரான ஆண்டு. இந்த வாரம் எழுத்துகள்.

இந்தப் பாதையில் நிலக்கரி ஏற்றி வருவது பெரும்பாலும் ‘பாக்ஸ்-என்’. உயரமான பக்கச் சுவர், மூடாத தலை, 8 சக்கரம். கடைசியில் வரும் ‘என்’ காற்று பிரேக்கைக் குறிக்கும். 58 வேகன்கள் கோத்த ஒரு ரேக் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளும். 3,500 டன்னுக்குக் குறையாமல் சுமக்கும். இன்னொன்று ‘பி.ஓ.பி.ஆர்.என்.’ இதன் அடிப்பகுதி புனல் மாதிரி குறுகி, கீழே கதவில் முடியும். காற்றழுத்தத்தில் கதவு திறந்ததும் நிலக்கரி தண்டவாளத்துக்கு அடியில் உள்ள குழியில் கொட்டிவிடும். பாக்ஸ்-என்னுக்கு அந்த வசதி இல்லை. அனல் மின் நிலையத்தில் டிப்ளர் என்ற இயந்திரம் வேகனையே தூக்கிக் கவிழ்க்க வேண்டும்.

ஒரு வேகன் நல்ல வேகனா என்பது ஓடும்போது தெரியாது. சரக்கு இறங்கும் இடத்தில், யார் கையால் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதில்தான் தெரியும். ரயில் பாதைகளின் ஆயுளே அங்கேதான் முடிவாகியிருக்கிறது என்பது என் எண்ணம்.

நம் ஊர்ப் பக்கமே பார்ப்போம். ஒடிசாவின் தால்சர் நிலக்கரி ரயிலில் பாரதீப் போய், அங்கிருந்து கப்பலில் எண்ணூர் வருகிறது. எண்ணூர் துறைமுகம் 2001-ல் தொடங்கப்பட்டதே இந்த நிலக்கரிக்காகத்தான். அதற்கு முன் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. ராயபுரத்து வீடுகளில் துணி காயப்போட முடியாது, அத்தனை கரித்தூள். நிலக்கரியை அங்கே கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2011-ல் உத்தரவிட்ட பிறகுதான் அந்த மக்களுக்கு மூச்சு வந்தது. இன்று எண்ணூரில் இறங்கும் நிலக்கரி வட சென்னை அனல் மின் நிலையத்துக்கும், மீஞ்சூரை ஒட்டிய வல்லூர் அனல் மின் நிலையத்துக்கும் கன்வேயர் பெல்ட்டிலேயே போய்விடுகிறது. வேகனே வேண்டாம். மேட்டூருக்குப் போக வேண்டிய நிலக்கரிக்குத்தான் ரேக் வேண்டும். அது அரக்கோணம், ஜோலார்பேட்டை வழியாகப் போகும்போது மொரப்பூரைக் கடக்கும்.

மொரப்பூரில் ஒரு காலத்தில் இன்னொரு பாதை பிரிந்தது. வெறும் 762 மில்லிமீட்டர் அகலம். 1906-ல் தருமபுரி வரைக்கும், 1913-ல் ஓசூர் வரைக்கும் போனது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோக உதவும் என்று போட்டது. தருமபுரியிலிருந்து சென்னைக்கு ஒரு மூட்டை வர வேண்டுமென்றால் மொரப்பூரில் சின்ன வேகனிலிருந்து இறக்கி, பெரிய வேகனில் ஏற்ற வேண்டும். ஒரே மூட்டைக்கு இரண்டு கூலி, இரண்டு தாமதம். 1941-ல், போர்க்காலத்தில், பாதை மூடப்பட்டது. அதோடு சேர்ந்து திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி குறும்பாதையும் போயிற்று.

இதே தொல்லை அயர்லாந்திலும் இருந்தது. கேவன் அண்ட் லீட்ரிம் என்ற ரயில்வே 1887-ல் 3 அடிப் பாதையில் தொடங்கியது. சின்னச் சின்ன நான்கு சக்கர வேகன்கள். பயணிகள் பெட்டியையும் சரக்கு வேகனையும் ஒரே வண்டியில் சேர்த்து இழுப்பார்கள். 1920-ல் அரிக்னா சுரங்கங்கள் வரை பாதை நீண்டது. ட்ரோமோடிலும் பெல்டர்பெட்டிலும் அகலப்பாதை வேகன்களுக்கு நிலக்கரியை மண்வெட்டியால் வாரி மாற்றினார்கள். அக்கம்பக்கத்துக் குறும்பாதைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தபோதும் இதை ஓட வைத்தது அந்த நிலக்கரிதான். 1958-ல் சுரங்கத்தின் அருகிலேயே ஒரு அனல் மின் நிலையம் வந்தது. நிலக்கரிக்கு ரயில் தேவைப்படவில்லை. 1959 மார்ச் 31-ஆம் தேதி கடைசி வண்டி ஓடியது. வல்லூருக்குப் போகும் பெல்ட்டைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு அரிக்னா ஞாபகம் வருகிறது.

ரேக்கின் கடைசியில் வரும் பிரேக் வேனையும் பாருங்கள். அதில் தனியாக ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். கார்டு என்றிருந்த பதவிக்கு 2022 ஜனவரியில் டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றினார்கள். நான்கு சக்கர வேன்கள் தூக்கிப் போட்டு ஆட்டும். பல வேன்களில் விளக்கும் மின்விசிறியும் கழிப்பறையும் இருந்ததில்லை. வெயிலில் எங்கோ ஒரு லூப் பாதையில் மணிக்கணக்காக நிற்க வேண்டியவருக்கு அந்த நிலை நியாயமே இல்லை. இப்போது எட்டு சக்கர வேன்கள் வருகின்றன. கூடவே, கடைசி வேகனில் கருவி மாட்டி ஆளே இல்லாமல் ஓட்டும் முறையும் வந்துகொண்டிருக்கிறது. வண்டி நடுவே அறுந்தால் கருவி சொல்லிவிடும். அச்சு சூடாகிப் புகைவதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல அந்த மனிதர்தான் வேண்டும். அவருக்கு நல்ல வேன் கொடுப்பதே முதலில் செய்ய வேண்டிய வேலை.

அடுத்த வாரம்: தண்டையார்பேட்டைப் பக்கம் டீசலும் பெட்ரோலும் ஏற்றும் டேங்க் வேகன்கள்.