மூன்று ஃபைல், ஒரு குழந்தை

ஆறு வயதுப் பிள்ளையை அழைத்து வருகிறார்கள். கூடவே ஒரு துணிப்பை நிறைய ஃபைல்கள். இதயத்துக்கு ஒரு டாக்டர், வலிப்புக்கு ஒருவர், பேச்சு வரவில்லை என்று இன்னொருவர். எல்லாம் சேர்ந்து ஒரே கோளாறு என்று எந்த ஃபைலிலும் எழுதியிருக்காது. 22ஆம் குரோமோசோமில் ஒரு துணுக்கு இல்லாமல் பிறந்த குழந்தைகள் பெரும்பாலும் இப்படித் தாமதமாகத்தான் என்னிடம் வருகிறார்கள். இந்தக் குறைபாட்டுக்கு டிஜார்ஜ் சிண்ட்ரோம் என்பது பழைய பெயர். சுமார் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கிறது.

ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை

ஒரு குழந்தைக்குப் பிறந்த சில நாளிலேயே வலிப்பு. ரத்தத்தில் கால்சியம் குறைவு. இன்னொன்றுக்கு இதயக் கோளாறு, உதடு நீலம் பாய்கிறது. மூன்றாவதற்கு இதயம் நன்றாக இருக்கும். ஆனால் குடித்த பால் மூக்கு வழியே வரும், வளர்ந்தால் மூக்கால் பேசும். நான்காவது பள்ளிக்கூடம் போகிறவரை சமர்த்து, கணக்குப் பாடம்தான் ஏறாது. பிள்ளையைச் சோதித்த பிறகு, தாய்க்கும் அதே துணுக்கு இல்லை என்று தெரிந்ததும் உண்டு.

கிரகணமும் வசம்பும்

கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததால் வந்ததாம். இல்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்? அதுவும் இல்லை. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இது பெற்றோரிடமிருந்து வந்ததே அல்ல. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தானாக நேர்ந்த பிழை. மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை மாமியார்கள் நிறுத்தலாம்.

"இவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினார்" என்று காத்திருப்பது அடுத்தது. நாக்கில் வசம்பு தேய்ப்பது அதைவிட மோசம். அண்ணம் சரியாக மூடாத குழந்தைக்குப் புரையேறினால் நுரையீரல்தான் பாதிக்கப்படும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து! இரும்பைப் பிடித்தால் கால்சியம் ஏறாது ஐயா. கடையில் கேட்டு வாங்கிய கால்சியம் டானிக்கை இஷ்டத்துக்கு ஊற்றுகிறவர்களும் உண்டு. அளவு மீறினால் சிறுநீரகம் கெடும்.

சோதனை

சாதாரண குரோமோசோம் சோதனையில் இந்தக் குறைபாடு தப்பிவிடும். ஃபிஷ் (FISH) அல்லது மைக்ரோஅரே என்ற மரபணுச் சோதனை வேண்டும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

தடுப்பூசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். எதிர்ப்புச் சக்தியைப் பார்த்த பிறகு, உயிருள்ள கிருமி கொண்டவற்றை மட்டும் எப்போது போடலாம் என்று டாக்டர் சொல்வார். எந்த அறுவை சிகிச்சைக்கு முன்பும் இந்தக் குறைபாட்டைச் சொல்லுங்கள். கால்சியம் பார்க்க வேண்டும், ஏற்றும் ரத்தத்திலும் கவனம் வேண்டும். அடுத்த குழந்தைக்கு முன் நீங்கள் இருவரும் சோதித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதயக் கோளாறும் மூக்கில் ஏறும் பாலும் ஒரே பிள்ளைக்கு இருந்தால், தயவுசெய்து மூன்று ஃபைலையும் ஒரே டாக்டரின் மேசையில் வையுங்கள். ஆறு வயதுவரை காத்திருக்காதீர்கள்.