கேமரா முன்னால் நின்றது யார்?

ஹைதராபாத்தில் இயங்கும் கிரீன் கோல்டு நிறுவனம் 2012-இல் ‘சோட்டா பீம் அண்ட் த கர்ஸ் ஆஃப் தம்யான்’ என்ற அனிமேஷன் படத்தை வெளியிட்டது. 2024-இல் அதே கதையை அதே பெயரில், சிறுவர்களையும் அனுபம் கேரையும் நடிக்கவைத்து மறுபடி எடுத்தது. இந்த இரண்டாவது படத்தைத்தான் ‘லைவ் ஆக்‌ஷன்’ என்கிறார்கள்.

ஆக்‌ஷன் என்றதும் சண்டைப் படம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆட்களும் விலங்குகளும் நிஜமாகவே கேமரா முன்னால் நின்று நடிக்க, அதைப் படம்பிடித்தால் லைவ் ஆக்‌ஷன். வரைந்தோ, பொம்மையை நகர்த்தியோ, கணினியிலோ காட்சியை ஒவ்வொரு ஃபிரேமாக உருவாக்கினால் அனிமேஷன். நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை லைவ் ஆக்‌ஷன்தான். பக்கத்தில் ஒரு அனிமேஷன் இருந்தால் மட்டுமே அப்படிப் பிரித்துச் சொல்கிறோம்.

இரண்டும் ஒரே ஃபிரேமுக்குள் சேரும்போதுதான் வேலையின் அருமை தெரியும். ராஜமௌலியின் ‘நான் ஈ’ வந்ததும் அதே 2012-இல்தான். படப்பிடிப்பில் ஈ கிடையாது. வெறும் காற்றைப் பார்த்துத்தான் நடிகர் சுதீப் மிரண்டார், ஆத்திரப்பட்டார். ஈயைப் பிறகு கணினியில் உருவாக்கியது ஹைதராபாத்தின் மகுடா நிறுவனம். அந்தப் படத்துக்குச் சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருதும் கிடைத்தது.

இத்தகைய படங்களின் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஷாட் முடிந்ததும், கண்ணாடிபோல் மின்னும் உருண்டை ஒன்றையும் சாம்பல் நிற உருண்டை ஒன்றையும் அதே இடத்தில் பிடித்துப் படமெடுத்துக்கொள்வார்கள். எந்த விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதை மின்னும் உருண்டை காட்டிவிடும். நிழல் எவ்வளவு அழுத்தமாக விழுந்தது என்பதைச் சாம்பல் உருண்டை காட்டும். கணினிக்குள்ளும் அதே விளக்குகளை வைத்தால்தான் நடிகரின் முகத்தில் பட்ட வெளிச்சம் ஈயின் முதுகிலும் படும். இதில் பிசகினால், ஈ எவ்வளவு அழகாகப் பறந்தாலும் ஒட்டவைத்ததுபோல் தெரியும்.

‘கோச்சடையான்’ எந்த வகை? ரஜினியின் உடலசைவைக் கருவிகள் பதிவுசெய்தன. ஆனால் திரையில் நாம் பார்த்த உருவம் முழுக்கக் கணினியில் பிறந்தது. அதனால் அது அனிமேஷன். 2019-இல் வந்த ‘தி லயன் கிங்’ படத்தைப் பலரும் லைவ் ஆக்‌ஷன் என்றே எழுதினார்கள். அதில் கேமராவால் எடுத்தது ஒரே ஒரு ஷாட்தான் என்று இயக்குநர் ஜான் ஃபாவ்ரோவே சொல்லியிருக்கிறார். சிங்கத்தின் பிடரி எவ்வளவு தத்ரூபமாக அசைந்தாலும் அதுவும் அனிமேஷன் படமே.