ஆணி இல்லாத பெட்டி

மந்தைவெளியில் பழைய வீடுகள் அடுக்குமாடிகளாகும்போது, பரணில் கிடந்த தேக்குப் பெட்டிகள் விலைக்குப் போய்விடுகின்றன. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். கொடுக்குமுன் அதன் மூலையைத் துடைத்துப் பாருங்கள். இரு பலகைகளும் கைவிரல்கள் போலக் கோத்திருக்கின்றனவா? ஒரு பலகையின் பற்கள் நுனியில் அகன்றிருந்தால் அது புறாவால் இணைப்பு. பண்டைய எகிப்தியத் தச்சரும் அறிந்திருந்த முறை இது.

ஆணி ஏன் கூடாது? ஆணியைப் பிடித்திருப்பது உராய்வுதான். கடற்காற்றில் அது துருப்பிடிக்கும். மரமோ சும்மா இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி உப்பும், கோடையில் சுருங்கும். 30 செ.மீ. அகலத் தேக்குப் பலகைகூட 2, 3 மி.மீ. மாறக்கூடும். ஆனால் இழையின் நீளவாக்கில் மாற்றம் அநேகமாக இல்லை. பெட்டியின் நான்கு பக்கங்களிலும் இழை கிடையாக ஓடுவதால், நான்கும் ஒன்றாகவே உயர்ந்து தாழ்கின்றன, மூலை பிளப்பதில்லை. அடிப்பலகையைப் பசையின்றிக் காடியில் செருகுவதும் இதற்காகவே. எங்கள் பெட்டியின் அடிப்பலகையை நான் ஆணியடித்து 'உறுதி'யாக்கினேன், ஓராண்டில் பிளந்தது. இயற்பியல் ஆசிரியனுக்கு வேண்டியதுதான்!

செய்து பார்க்க விருப்பமா? துண்டுப் பலகைகள் போதும். பல்லின் சரிவு தேக்குக்கு 8க்கு 1, மென்மரத்துக்கு 6க்கு 1. சரிவு மிகுந்தால் பல்லின் முனை உதிரும். குறைந்தால் பிடிப்பு இராது. முதலில் வாற்பற்களை அறுங்கள். அவற்றையே மற்றப் பலகைமேல் வைத்துக் கோடிடுங்கள். கோட்டின் மேல் அறுக்காமல், கழிவுப் பக்கமாக அறுக்க வேண்டும். ரம்பத்துக்கும் தடிமன் உண்டல்லவா? உளியால் இருபுறமிருந்தும் பாதிப்பாதியாகச் செதுக்குங்கள். கொட்டாப்புளியால் மெல்லத் தட்டிச் சேர்த்தபின் இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் கழன்று வரும், மறுதிசையில் அசையாது.

அப்படியானால், மேசை இழுப்பறையில் வாற்பற்கள் முன்பலகையில் இருக்க வேண்டுமா, பக்கப் பலகையிலா?