மணி அடிக்காத நாட்களில் தூக்கம் எங்கே போனது?



கொரோனா ஊரடங்கு காலத்தில் ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? 2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் பள்ளிகளை மூடினார்கள். மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. பத்தாவது, பன்னிரண்டாவது அண்ணன் அக்காக்களுக்கு 2021 ஜனவரி 19-ல் பள்ளி திறந்தது. சின்ன வகுப்பில் இருந்த நமக்கோ 2021 நவம்பர் 1 வரை, ஒரு வருஷம் ஏழு மாசத்துக்கு மேல் வீடுதான்!

முதல் வாரம் ஜாலியாகத்தான் போச்சு. அப்புறம் ஒன்பது மணிக்குப் படுத்தவன் பன்னிரண்டுக்குப் படுத்தான். ஆறுக்கு எழுந்தவள் ஒன்பதுக்கு எழுந்தாள். வீட்டுக்கு வீடு ஒரே திட்டு: "எந்நேரமும் செல்லை நோண்டுனா தூக்கம் எப்படிடா வரும்?" செல்லைத் திட்டியது பாதி சரி. மீதிப் பாதி தெரிய வேண்டுமானால் மதுரைப் பக்கம் ஒரு வௌவால் குகைக்குப் போக வேண்டும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். உயிர்களின் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை ஆராய்ந்தவர். அவரும் ஜி. மாரிமுத்து முதலானவர்களும் செய்த ஒரு சோதனை 1981-ல் வெளிவந்தது. சில வௌவால்களைக் கூண்டில் போட்டுக் குகையின் இருட்டுக்குள் வைத்தார்கள். பகலா இரவா என்று அவற்றுக்குத் தெரியாது. ஆனாலும் குகையில் இருந்த மற்ற வௌவால்கள் சாயங்காலம் இரை தேடக் கிளம்பும் அதே நேரத்தில் இவையும் கூண்டுக்குள் சிறகடித்தன! கூட்டம் இல்லாத இடத்தில் வைத்தபோது அந்த ஒழுங்கு போச்சு. நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. கூட்டாளிகளின் சத்தமும் நடமாட்டமும்தான் அவற்றுக்குக் கடிகாரம்.

நமக்கும் மூளைக்குள் இப்படி ஒரு கடிகாரம் உண்டு. ஆனால் சரியாக 24 மணி நேரம் காட்டாது. பெரும்பாலானவர்களுக்கு 24 மணிக்கு மேல் ஏறக்குறைய 10 நிமிஷம் கூடுதலாக ஓடும். அதைத் தினமும் திருத்தி வைப்பது முக்கியமாகக் காலை வெயில். பிறகு சாப்பாட்டு நேரம், பள்ளிக்கூட மணி, "சீக்கிரம் வாடா" என்று வாசலில் கூப்பிடும் நண்பன். ஊரடங்கில் எல்லாம் ஒரே நாளில் நின்றது. கடிகாரம் பின்னால் தள்ளிக்கொண்டே போனது.

பதின்மூன்று, பதினான்கு வயதில் இன்னொன்றும் சேர்கிறது. இருட்டியதும் மூளையில் உள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் என்னும் பொருளை விடும். "ராத்திரி ஆயிடுச்சு" என்று உடம்புக்குச் சொல்லும் தண்டோரா அது. இந்த வயதில் அந்தத் தண்டோரா ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் கேட்கும். செல் வெளிச்சம் அதை இன்னும் தள்ளிப்போடும். ஆகவே பெரிய பசங்க லேட்டாக எழுவது முழுக்க சோம்பேறித்தனம் இல்லை. (அம்மா அப்பா யாராவது இதைப் படித்தால் நல்லது!) பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டின. ஊரடங்கில் பதின்வயதுப் பிள்ளைகளின் தூங்கும் நேரம் பின்னால் போனது. ஆனால் பலர் முன்பைவிட அதிக நேரம் தூங்கினார்கள்.

சின்னப் பிள்ளைகள் கதை வேறு. ஓடியாடாமல் உட்கார்ந்தே இருந்தால் உடம்பு அசராது. மத்தியானம் வேறு ஒரு தூக்கம். போதாததற்கு டிவியில் சாவு எண்ணிக்கை, தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம். படுத்தும் தூக்கம் வராமல், நடுராத்திரி விழித்து அழுத தம்பி தங்கைகள் எத்தனையோ பேர்.

நம்ம ஊர்ப் பக்கம் ஒன்று கவனித்தேன். மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் அவ்வளவாக மாறவில்லை. பாலுக்கு ஊரடங்கு கிடையாது அல்லவா? விடியற்காலையில் அப்பா பால் கறக்க எழுந்தால், சாணி அள்ளப் பிள்ளையும் எழ வேண்டும். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது! கல்வராயன் மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்தவர்களுக்கோ எழ, சாப்பிட, படிக்க, படுக்க எல்லாவற்றுக்கும் மணி இருந்தது. வீட்டுக்கு அனுப்பியபோது அத்தனையும் ஒரேயடியாக நின்றது.

பள்ளி திறந்த முதல் வாரங்களில் இரண்டாவது பீரியடிலேயே கொட்டாவி வந்ததற்குக் காரணம் இப்போது புரியும். கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவது சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். ஒரே நாளில் மூன்று மணி நேரம் இழுக்க முடியாது.

பகலில் படித்தது மனதில் பதிய ராத்திரித் தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி விடிய விடியப் படிப்பவர்கள் கவனிக்க!

கோடை லீவும் ஒரு குட்டி ஊரடங்கு மாதிரிதான். மே மாசம் பத்து மணி வரை தூங்கினால் ஜூனில் அதே கொட்டாவி. ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தால், பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் கால் மணி நேரம் முன்னதாக எழுந்து பாருங்கள். எழுந்ததும் வெளிச்சத்துக்கு வர வேண்டும். அதற்காக எங்கேயும் போக வேண்டாம், பாத்ரூமில் பல் விளக்குவதை வாசலில் நின்று விளக்கினாலே போதும்.